ஒரே நாளில் வாங்கிய தோசைக்கல்லும் வாணலியும்: நான்ஸ்டிக் பூச்சு தேய்ந்த அனுபவம்

2017-இல் காட்பாடிக்குக் குடிவந்தபோது, ஒரே நிறுவனத்தின் நான்ஸ்டிக் தோசைக்கல்லையும் வாணலியையும் வேலூர் லாங்கு பஜாரில் ஒன்றாக வாங்கினேன். தோசைக்கல் மூன்றே ஆண்டுகளில் நடுவில் வெளுத்து, தோசை பிய்ந்து வரும் நிலைக்கு வந்துவிட்டது. வாணலியோ 2024 வரை உழைத்தது. இரண்டையும் நான்தான் துலக்கினேன், இரண்டுக்கும் மரக்கரண்டியையே பயன்படுத்தினேன். அப்படியிருந்தும் ஏன் இவ்வளவு வேறுபாடு?

அம்மாவின் இரும்புக் கல்லில் கற்ற பழக்கமே காரணம் என்று பின்னால்தான் விளங்கியது. வெறுங்கல்லை முழுத்தீயில் காயவைப்பேன். தண்ணீர் தெளித்து, 'சுர்' என்று ஓசை கேட்ட பிறகே மாவு ஊற்றுவேன். இரும்புக்கு இது சரியான முறை. ஆனால் நான்ஸ்டிக் பாத்திரத்தின் டெஃப்லான் பூச்சு ஏறத்தாழ 260 டிகிரி செல்சியஸுக்கு மேல் சிதையத் தொடங்கும். அடியில் இருக்கும் அலுமினியம் விரைவில் சூடேறுவதால், வெறும் கல் முழுத்தீயில் சில நிமிடங்களிலேயே அந்த வெப்பத்தை எட்டிவிடும். மிகுந்த சூட்டில் எழும் புகை, கூண்டில் வளர்க்கும் கிளிகளைக் கொன்றுவிடும் அளவுக்குக் கொடியது. காய்ந்த கல்லில் தண்ணீர் படும்போது அலுமினியமும் பூச்சும் வெவ்வேறு அளவில் சுருங்குவதால், ஒவ்வொரு தெளிப்பிலும் பிடிப்பு தளர்கிறது. வாணலியிலோ எப்போதும் எண்ணெயும் காயும் இருந்தன, தீயும் மிதமாகவே இருந்தது.

உரிந்த கருந்துகள் தோசையில் ஒட்டியிருந்த நாளில் என் மாமியார், "பிள்ளைக்கு இதில் ஊற்றாதே" என்று தடுத்துவிட்டார். அத்துகள் செரிக்காமல் அப்படியே வெளியேறிவிடும். 2023-இல் புற்றுநோய்க் காரணி என்று உறுதியாக வகைப்படுத்தப்பட்டது அந்தத் துகளன்று, பூச்சுத் தயாரிப்பில் முன்பு பயன்பட்ட பி.எஃப்.ஓ.ஏ. என்னும் வேதிப்பொருள். அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் அது தொழிற்சாலையிலிருந்து வெளியேறி ஊரார் குடிநீரிலேயே கலந்தது. தோல் தொழிற்சாலைக் கழிவால் பாலாறு பட்ட பாட்டை அறிந்த நமக்கு அதன் கொடுமையைத் தனியே விளக்க வேண்டியதில்லை. துகள் அப்படியே வெளியேறிவிடும் என்றாலும், மாமியார் சொன்னபடி அந்தக் கல்லை அன்றே ஒதுக்கினேன். பூச்சு போன இடத்தில் வெறும் அலுமினியம் உணவில் படுவதை நானும் விரும்பவில்லை.

அதற்கு முன் மறுபூச்சுக்கும் கொடுத்துப் பார்த்திருந்தேன். நான்கு மாதங்களில் அதுவும் ஓரங்களில் கொப்பளித்தது. கொடுத்த பணம் வீண். வாணலிக்குச் செய்த ஒரு வேலை மட்டும் உண்மையிலேயே பயன் தந்தது. 2021-இல் அது ஒட்டத் தொடங்கியபோது தண்ணீரில் இரண்டு தேக்கரண்டி சமையல் சோடாவைப் போட்டுப் பத்து நிமிடம் கொதிக்கவைத்தேன். பழுப்பு நிறத்தில் ஒரு படலம் கழன்று வந்தது. கெட்டது பூச்சன்று, அதன்மேல் தீய்ந்து படிந்த எண்ணெய். ஆகவே வெளுப்போ உரிசலோ கண்ணுக்குத் தெரியாமல் ஒட்ட மட்டும் செய்தால், தூக்கிப் போடுவதற்கு முன் இதைச் செய்து பாருங்கள்.

இப்போது தோசைக்கு அம்மா கொடுத்த இரும்புக் கல்தான். கழுநீரில் இரண்டு நாள் ஊறவைத்து, நல்லெண்ணெய் தடவி, பாதி வெங்காயத்தால் தேய்த்துப் பழக்க ஒரு வாரம் ஆனது. புதிய நான்ஸ்டிக் வாணலி ஒன்றும் வைத்திருக்கிறேன். எண்ணெயை உறிஞ்சும் இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காயைக் குறைந்த எண்ணெயில் வதக்க அதுவே ஏற்றது. எண்ணெயை முதலில் ஊற்றிய பிறகே அடுப்பைப் பற்றவைக்கிறேன். நல்லெண்ணெய் 260 டிகிரிக்கு முன்பே புகைந்துவிடுவதால், புகை தெரிந்தவுடன் தீயைத் தணித்துவிடுகிறேன்.