சத்தத்துக்கு 180 வெள்ளி, காற்றுக்கு 95 வெள்ளி

மூன்று வருடத்துக்குள் என் ஸ்விஃப்ட் ஸ்போர்ட்டின் பானெட்டுக்குள், எஞ்சினுக்குக் காற்று இழுக்கிற ஏர் இன்டேக்கை மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டேன். கடைசியில் வந்து நிற்பது, ஜப்பானில் கார் கப்பலேறியபோது இருந்த அதே கறுப்புப் பிளாஸ்டிக் பெட்டிதான். உள்ளே இருக்கிற ஃபில்டர் மட்டும் வேறு. போன வாரம் அக்கா மகன், "மாமா, என் காருக்கு எந்த இன்டேக் போடலாம்?" என்று கேட்டு மூன்று படங்களை அனுப்பினான். வாட்ஸ்அப்பில் பேசியே பதில் சொல்ல ஆரம்பித்தேன். ஏழு நிமிடம் தாண்டியும் பேச்சு முடியவில்லை. சரி, எழுதியே விடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

முதலில் கார். 2013-ல் இங்கே சிங்கப்பூரில் பதிவானது, ZC32S என்று சொல்வார்களே, அந்த மாடல். 1.6 லிட்டர், டர்போ கிடையாது, ஆறு கியர் மேனுவல். 136 குதிரைத்திறன் என்று புத்தகம் சொல்கிறது. அது முழுசாகக் கிடைப்பது எஞ்சின் நிமிடத்துக்கு 6,900 சுற்று சுற்றும்போது. 2023-ல் சிஓஇ-யை, அதாவது கார் வைத்துக்கொள்கிற உரிமைச் சான்றிதழை, இன்னும் 10 வருடத்துக்குப் புதுப்பித்தேன். அந்தக் காசுக்கு ஊரில் ஒரு வீடு கட்டியிருக்கலாம் என்று மனைவி இன்றைக்கும் சொல்லிக் காட்டுவாள். என் பிழைப்பு ஏர்கான் சர்வீஸ். எங்கே போனாலும் சட்டைப்பையில் ஒரு வெப்பமானி இருக்கும். பின்னால் சொல்லப்போகிற கதைக்கு அந்தப் பழக்கமும் ஒரு காரணம்.

புதுப்பித்த சந்தோஷத்தில் காக்கி புக்கிட் பக்கம் ஒரு பட்டறையில் ஓப்பன் பாட் வகை இன்டேக் போட்டேன். பெட்டியைக் கழற்றிவிட்டு, மூன்று அங்குல அலுமினியக் குழாயின் நுனியில் காளான் மாதிரி ஒரு ஃபில்டரை மாட்டுவார்கள். வெப்பத்தைத் தடுக்க என்று பக்கத்தில் ஒரு தகடு. சாமான் 180 வெள்ளி, கூலி 40. பட்டறை பாஸ் பழைய பெட்டியை, "குப்பையில் போட்டுவிடட்டுமா?" என்று கேட்டார். நல்லவேளை, வேண்டாம் பாஸ் என்று வாங்கி வந்து ஸ்டோர் ரூமில் வைத்தேன். இந்தக் கட்டுரையில் வேறு எதை மறந்தாலும் பரவாயில்லை, பழைய பெட்டியை மட்டும் யாரிடமும் விட்டுவிட்டு வராதீர்கள். பரிசோதனைக்குப் போகும்போதோ, மனசு மாறும்போதோ, அதைத் திரும்பத் தேடி வாங்குவது பெரிய அலைச்சல்.

சத்தத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஈசூனில் எங்கள் புளோக்குக்குப் பக்கத்தில் இருக்கிற பலமாடிக் கார்ப்பேட்டையில் இரண்டாவது கியரில் சரிவு ஏறும்போது ஆக்சிலேட்டரை அமுக்கினால், பெரிய அண்டாவுக்குள் யாரோ ஆழமாக மூச்சை இழுப்பது போல ஒரு முழக்கம். நாலாயிரம் சுற்றுக்கு மேலே அது உறுமலாக மாறும். முதல் வாரம் தேவையே இல்லாமல் மாடி ஏறி இறங்கினேன். கார் வேகமாகிவிட்டது என்று சத்தியம் பண்ணியிருப்பேன்.

அப்புறம் டிசம்பர் பள்ளி விடுமுறை வந்தது. எல்லை தாண்டி ஜொகூர் பாருவுக்குப் போகலாம் என்று வழக்கம்போல முக்கால் டேங்க் பெட்ரோலை நிரப்பிக்கொண்டு உட்லண்ட்ஸ் காஸ்வே வரிசையில் போய் நின்றோம். பிள்ளைகள் பின்னால் தூங்கிவிட்டார்கள். பொழுது போகாமல், 25 வெள்ளிக்கு வாங்கி வைத்திருந்த, காரின் கணினியைப் படிக்கிற ஓபிடி கருவியை மாட்டி, எஞ்சின் உள்ளிழுக்கும் காற்றின் வெப்பநிலையைப் பார்த்தேன். வெளியே 31 டிகிரி. எஞ்சினுக்குள் போகிற காற்று 71.

தொழில் புத்தி சும்மா இருக்குமா? வாடிக்கையாளர் சிலர் ஏர்கானின் வெளி யூனிட்டை வைத்துவிட்டு, அழகுக்காக அந்தப் பால்கனியைக் கண்ணாடி போட்டு அடைத்துவிடுவார்கள். தான் கக்கிய சூட்டைத் தானே திரும்ப இழுத்துக்கொண்டு அது மூச்சுத் திணறும். என் காரிலும் அதே கதைதான். ரேடியேட்டரிலிருந்து வரும் சூடு, எக்ஸாஸ்ட் சூடு, எல்லாம் பானெட்டுக்கு அடியில் தேங்கி நிற்க, அந்தக் காளான் அதையே குடித்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் இருந்த தகடு வேடிக்கை பார்த்தது. காற்று 31-லிருந்து 71 டிகிரிக்குச் சூடானால் அதன் அடர்த்தி ஏறக்குறைய 12 சதவீதம் குறைகிறது. காற்று குறைந்தால் எரிபொருளும் குறையும், சக்தியும் குறையும். போதாததற்கு, காற்று ரொம்பச் சூடானால் எரிபொருள் தாறுமாறாக எரிந்து எஞ்சின் தட்டும் என்று பயந்து கணினி தீப்பொறியையும் தாமதப்படுத்தும். ஐந்து குதிரை கூடும் என்று சொல்லி விற்ற சாமான், வரிசையில் நிற்கும்போது இருக்கிற குதிரைகளையும் அவிழ்த்துவிட்டது.

ஓடும்போது நிலைமை தேறும், அதையும் சொல்ல வேண்டும். மலேசிய நெடுஞ்சாலையில் 110-ல் போகும்போது 41 வரை இறங்கியது. ஐயாயிரம் சுற்றுக்கு மேலே கொஞ்சம் இலகுவாக இழுத்த மாதிரியும் இருந்தது. ஆனால் சிங்கப்பூரில் விரைவுச்சாலையிலேயே அதிகபட்சம் 90. சிக்னல், கார்ப்பேட்டை, சிலேத்தார் விரைவுச்சாலையின் காலை நெரிசல் என்று ஓடுகிற காருக்கு ஐயாயிரம் சுற்று எங்கே கிடைக்கிறது?

அடுத்தது மஞ்சள் விளக்கு. இரண்டு மாதம் கழித்து எஞ்சின் விளக்கு எரிந்தது. குறியீடு P0171, அதாவது காற்று அதிகம், பெட்ரோல் குறைவு. இதற்கு இரண்டு காரணம் இருந்தன. உள்ளே வரும் காற்றை அளக்கிற மாஸ் சென்சார், பழைய பெட்டியின் குழாய் அளவுக்கு ஏற்பக் கணக்கு வைத்திருக்கிறது. அதைவிட அகலமான குழாயில் கொண்டுபோய் மாட்டினால், அதே காற்று சென்சார் மேல் மெதுவாகப் போகும்; சென்சார் குறைவாகக் கணக்குச் சொல்லும். கணினி எப்படியோ சமாளித்து, 12 சதவீதம் கூடுதலாகப் பெட்ரோல் விட்டுக்கொண்டிருந்தது. இரண்டாவது காரணம் சாதாரணமானது: சென்சாருக்குப் பின்னால் இருந்த ரப்பர் முட்டியின் கிளாம்ப், பட்டறையில் சரியாக முறுக்கப்படவில்லை. விரலை வைத்துத் திருப்பினால் சுற்றியது. அளக்கப்படாத காற்று அந்த வழியாக உள்ளே போயிருக்கிறது. ஸ்குரூடிரைவரை வைத்து இரண்டு சுற்று முறுக்கியதும் 12 என்பது 8 ஆனது. மீதி எட்டு, குழாயின் அளவு செய்த வேலை. பட்டறைக்குத் தொலைபேசியில் சொன்னேன். எஞ்சின் கணினியின் கணக்கை மாற்றுகிற ஈசியூ டியூனிங்கும் செய்துகொண்டால் சரியாகிவிடும், இன்னொரு 600 வெள்ளி என்றார்கள். நன்றி சொல்லி வைத்துவிட்டேன்.

அன்றைக்கு இரவே ஸ்டோர் ரூமிலிருந்து பழைய பெட்டியை எடுத்துத் தூசி தட்டி மாட்டினேன். அடுத்த வார இறுதியில் அதே காஸ்வே, அதே மாதிரி வரிசை: 52 டிகிரி. ஓட ஆரம்பித்த இரண்டு நிமிடத்தில் 37. பெட்டிக்கு ஒரு மூக்கு உண்டு. அது எஞ்சின் சூட்டை விட்டு விலகி, முன்பக்கத்துக் காற்றை இழுக்கிறது. கம்பெனிக்காரன் முட்டாள் இல்லை. சத்தத்தை அடக்கத்தான் அத்தனை வளைவும் அறையும் வைத்திருக்கிறான், உண்மை. ஆனால் சூட்டைத் தள்ளி வைக்கிற வேலையும் அதில்தான் இருக்கிறது.

இப்போது அதற்குள் இருப்பது கே அண்ட் என் பேனல் ஃபில்டர், 95 வெள்ளி. எண்ணெய் தடவிய பருத்தி வலை; கழுவிக் கழுவிப் போடலாம். சக்தி கூடியதா என்றால், என் உடம்புக்கு ஒன்றும் தெரியவில்லை. பிறகு ஏன் வாங்கினாய் என்று கேட்பீர்கள். காகித ஃபில்டர் ஒன்று 25 வெள்ளி, ஒன்றரை வருடத்துக்கு ஒருமுறை மாற்றுகிறேன். 2033 வரை இந்தக் காரை ஓட்டப்போகிறவனுக்குக் கணக்கு எப்படியோ சரிக்கட்டி வந்துவிடும், அவ்வளவுதான். ஆனால் ஒன்று: காற்று எளிதாகப் போக விடுகிற ஃபில்டர், பொதுவாகப் பொடித் தூசியையும் காகிதத்தைவிடக் கொஞ்சம் தாராளமாக விடும். எங்கள் பக்கத்தில் வடக்கு-தெற்குப் பாதை என்கிற புதுச் சாலையின் கட்டுமானத் தூசி நடுவேதான் தினமும் போய்வருகிறேன். அதனால் பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் ஃபில்டருக்கு அந்தப் பக்கத்துக் குழாயின் உட்சுவரை வெள்ளைத் துணியால் துடைத்துப் பார்ப்பேன். இதுவரை துணி சுத்தமாகத்தான் வருகிறது.

கழுவுகிற வேலையில் சொதப்பியது நான்தான். சுத்தமான பக்கத்திலிருந்து அழுக்குப் பக்கமாக மெல்லத் தண்ணீர் விட வேண்டும், ஹேர் டிரையர் கூடாது, நிழலில் தானாகக் காய வேண்டும். இதுவரை எல்லாம் சரியாகச் செய்தேன். துணி காயப்போடுகிற மூங்கில் கழியில் மனைவியின் சேலைக்குப் பக்கத்தில் தொங்கவிட்டு வாங்கிக் கட்டிக்கொண்டதும் தனிக்கதை. எண்ணெய் போடும்போதுதான் கை தாராளமாகிவிட்டது. ஒவ்வொரு மடிப்பிலும் ஒரு மெல்லிய கோடு போதும்; நான் தோசைக்கு ஊற்றுகிற மாதிரி ஊற்றினேன். அதிகப்படி எண்ணெய் போய் மாஸ் சென்சாரின் கம்பியில் படிந்து, சிக்னலில் நிற்கும்போது எஞ்சின் திக்கித் திணறியது. அதற்கென்று விற்கிற ஸ்பிரேயை அடித்துச் சுத்தம் செய்ததும் சரியானது. இந்தத் தொல்லையே வேண்டாம் என்றால் எண்ணெய் இல்லாத உலர் வகையை வாங்குங்கள்.

மூடிய கார்பன் பெட்டி வகையையும் சொல்லிவிடுகிறேன். குரூப் எம், இவென்ச்சுரி என்று பெரிய பெயர்கள் இருக்கின்றன. நண்பரின் கோல்ஃப் ஜிடிஐ-யில் அப்படி ஒன்று இருக்கிறது. பானெட்டைத் திறந்தால் நகைக்கடை மாதிரி இருக்கும். சூட்டுப் பிரச்சினை குறைவு, சத்தமும் உண்டு, வேலைப்பாடு சுத்தம். விலை மட்டும் நான்கு இலக்கத்தை எட்டிப் பார்க்கும். பம்பருக்கு அடியில் தாழ்வாக ஃபில்டர் வைக்கிற கோல்டு ஏர் வகையை இந்த ஊரில் நான் போட மாட்டேன். 2021 ஆகஸ்டில் பாசிர் ரிஸ் டிரைவ் 12-உம் தெம்பனிஸ் அவென்யூ 10-உம் சேருகிற சந்திப்பில் திடீர் வெள்ளத்தில் கார்கள் மாட்டிக்கொண்டது நினைவிருக்கும். எஞ்சின் தண்ணீரைக் குடித்தால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும்.

அக்கா மகனுக்கு: உன்னுடையது 1.4 டர்போ. டர்போ காற்றை அமுக்கிச் சூடாக்கி, இன்டர்கூலர் அதைத் திரும்பக் குளிர வைக்கிறது. அதனால் ஓட ஆரம்பித்துவிட்டால் என் கார் அளவுக்கு வாடாது. பாட் போட்டால் விசில் சத்தம் அட்டகாசமாக இருக்கும், மறுக்கவில்லை. எதை வாங்குவதற்கும் முன்னால் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் ஒன்மோட்டரிங் தளத்தில் என்ன மாற்றம் செய்யலாம், எதற்கு அனுமதி வேண்டும் என்று பார்த்துவிடு. எக்ஸாஸ்ட்டையும் சேர்த்து மாற்றலாம் என்று பட்டறையில் ஆசை காட்டுவார்கள். அதற்கு ஆணையத்தின் அனுமதி கண்டிப்பாக வேண்டும். என் கார் பத்து வயது தாண்டியதால் வருடா வருடம் பரிசோதனை. கம்பெனிப் பெட்டியோடு போவதால் நிம்மதியாகப் போய் வருகிறேன்.

பழைய பாட் இன்டேக்கை, கரோசெல் என்கிற பழைய பொருள் விற்கும் தளத்தில் 60 வெள்ளிக்குப் போட்டிருக்கிறேன். வரிசையில் 71 டிகிரி, மஞ்சள் விளக்கு, குழாயின் அகலம் எல்லாவற்றையும் ஒளிக்காமல் எழுதியிருக்கிறேன். இதுவரை நாலு பேர் விசாரித்தார்கள். நாலு பேரும் கேட்டது ஒரே கேள்வி: "அண்ணே, சத்தம் எப்படி?"