எறும்பு மருந்துப் பெட்டி: இரண்டு மாத அனுபவம்

பொங்கல் சமயத்து வெயிலில் எங்கள் கேப்டவுன் வீட்டுச் சமையலறைக்குள் கோடு போட்டு வரும் சிறு பழுப்பு எறும்புகளுக்காக, சர்க்கரைப் பாகில் போராக்ஸ் கலந்த மருந்துப் பெட்டிகள் நான்கை ஹார்ட்வேர் கடையில் வாங்கினேன். அம்மா வாசலில் இடும் அரிசிமாவுக் கோலத்தைச் சீந்தாத இவை, பொங்கல் பானையை மட்டும் விடுவதில்லை.

முன்னதாக ஒருவரை அழைத்துச் சுவரோரம் மருந்து தெளித்துப் பார்த்தோம். நான்காம் நாளே சர்க்கரை டப்பாவைச் சுற்றி மீண்டும் கோடு. தெளிப்பதில் சாகிறவை இரை தேடி வெளியே வருபவை மட்டுமே. பெட்டி மருந்தோ மெதுவாகக் கொல்கிறது, அதுவே அதன் பலம்; குடித்த எறும்பு கூட்டுக்குத் திரும்பி, வாயோடு வாய் வைத்து மற்ற எறும்புகளுக்கும் குஞ்சுப் புழுக்களுக்கும் ராணிகளுக்கும் அதை ஊட்டிவிடுகிறது. முதல் நாள், தொட்டியில் மாடுகள் தண்ணீர் குடிப்பதுபோல் விளிம்பு முழுக்கத் தலைகள். குடித்து ஊதிய வயிறுகள் கண்ணாடிபோல் மின்னின. பத்தாம் நாள் ஓர் எறும்புகூட இல்லை.

மூன்றாம் வாரம் பக்கத்து வீட்டு மதில் வழியாக மறுபடியும் வந்தன. என் குறை இங்கேதான்: 'கூட்டையே அழிக்கும்' என்று அட்டையில் போட்டிருக்கிறார்கள், ஆனால் இந்த எறும்புக்குக் கூட்டின் எல்லை எங்கே இருக்கிறது? இது அர்ஜென்டினா எறும்பு. ஆங்கிலேயருக்கும் டச்சு வழிவந்த போயர்களுக்கும் இங்கே நடந்த போயர் போர்க்காலத்தில் (1899–1902) குதிரைத் தீவனத்தோடு வந்திருக்கலாம் என்பார்கள். உடல்மேல் படிந்த மெழுகின் வாசனையால் ஒன்றையொன்று அறியும் இவை, வாசனை ஒத்திருந்தால் அடுத்த கூட்டாரையும் சொந்தமாகவே நடத்துகின்றன. எங்கள் சமையலறை எறும்புகளையும் பக்கத்து வீட்டு அக்காவின் தோட்டத்து எறும்புகளையும் ஒரு கண்ணாடித் தம்ளரில் விட்டுப் பார்த்தேன். மீசையால் தடவிக்கொண்டு ஒன்றாக நடந்தன, ஒன்றுகூடக் கடிக்கவில்லை. இத்தாலி முதல் ஸ்பெயினின் அட்லாண்டிக் கரைவரை சுமார் 6000 கிலோமீட்டருக்கு இப்படி ஒரே பெருங்கூட்டம் பரவியிருப்பதாக 2002-இல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். அங்கேயே வேறு வாசனையுள்ள கட்டலான் கூட்டம் என்ற இன்னொரு பெருங்கூட்டத்தோடு சந்தித்தால் சாகும்வரை சண்டைதான். கேப்டவுன் இருக்கும் நம் மேற்குக் கேப் மாகாணத்திலும் ஒன்றுக்கொன்று பகையான இரு பெருங்கூட்டங்கள் உண்டென்று 2011-இல் கண்டறிந்தார்கள்.

ஆகவே மருந்து நல்லது, அட்டை வாசகம் மிகை. பெட்டி வெயிலில் நான்கு நாளில் காய்ந்துவிடுகிறது, மூடி ஒழுகுகிறது. நிழலில் வைத்து மீண்டும் ஊற்ற வேண்டும். தனி வீட்டுக்கு வாங்கினால் பத்து நாள் நிம்மதிக்குத்தான் காசு. அக்காவும் சம்மதித்துவிட்டதால், அடுத்த முறை எட்டுப் பெட்டிகள் வாங்கி மதிலின் இருபுறமும் ஒரே நாளில் வைக்கப்போகிறோம்.