உணர்வற்ற பாதங்களுடன் குடியாத்தத்தில் ஐந்து வாரங்கள்

டொரொன்டோவில் வசிக்கும் எனக்குச் சர்க்கரை நோய் வந்து 17 ஆண்டுகள் ஆகின்றன. கடைசி மூன்று ஆண்டுகளாகப் பாதங்கள் மரத்துப்போய், எந்தத் தரையில் நடந்தாலும் பஞ்சின் மேல் நடப்பது போலவே இருக்கிறது. குளிருக்கு இறுகக் கட்டிய காலணியிலேயே பழகிய நான், குடியாத்தத்துக்கு வந்த இரண்டாம் நாள் கடைத்தெருவில் ஒரு செருப்பு கழன்று கிடப்பதை அறியாமல் நான்கு கடைகளைக் கடந்திருந்தேன். "தாத்தா, உங்க செருப்பு" என்று ஒரு சிறுவன் ஓடிவந்து கொடுத்த பிறகே குனிந்து பார்த்தேன்.

மறுநாளே வேலூரில் ஒரு பாத சிகிச்சையகத்துக்குச் சென்றேன். பத்து கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழையால் பாதத்தைப் பல இடங்களில் தொட்டுப் பார்த்தார்கள். பெரும்பாலான இடங்களில் எனக்கு எதுவும் தெரியவில்லை. கண்ணை மூடி நிற்கச் சொன்னபோது உடல் ஆடியது. கால் சொல்ல வேண்டியதைக் கண்தான் சொல்லிக்கொண்டிருக்கிறது, இருட்டில் குளியலறையில் தடுமாறுவது அதனால்தான் என்று மருத்துவர் விளக்கினார். சர்க்கரைக்கான மெட்ஃபார்மின் மாத்திரையை நெடுநாள் சாப்பிடுவோருக்கு வைட்டமின் பி12 குறையக்கூடும் என்பதால் அதற்கும் இரத்தப் பரிசோதனை எழுதித் தந்தார். ஒரே குறை, வாசலின் சாய்தளத்தை இருசக்கர வாகனங்கள் அடைத்து நின்றதுதான்.

செருப்பு விஷயத்தில் வேலூருக்கு நிகரில்லை என்பேன். தொழுநோயால் உணர்விழந்த பாதங்களைப் புண்ணாகாமல் காக்கும் வழிகளை டாக்டர் பால் பிராண்ட் 1940களின் இறுதியிலிருந்து இங்கேதான் ஆராய்ந்தார். தொழுநோயாளிகள் அணிந்த அதே எம்.சி.ஆர். எனும் நுண்துளைகள் கொண்ட மெத்தென்ற ரப்பர் செருப்பைத்தான் இன்று சர்க்கரை நோயாளிகளும் அணிகிறோம். ஆணி பாதத்தில் ஏறினாலும் தெரியாது என்பதால் ஆணியே அடிக்காமல், கழன்றுவிடாதபடி பின்வாரும் வைத்து, என் பாத அளவுக்கே தைத்துத் தந்தார்கள்.

இயன்முறை மருத்துவர் வாரம் மூன்று நாள் வீட்டுக்கே வந்தார். கையூன்றாமல் நாற்காலியிலிருந்து எழுவது, சமையல் மேடையைப் பிடித்தபடி குதிகாலை உயர்த்துவது, சுவரோரமாக ஒரு காலின் விரல்களை ஒட்டி மறுகாலின் குதிகாலை வைத்து நடப்பது ஆகியவைதான் பயிற்சி. மரத்த உணர்வு திரும்பும் என்று அவர் ஆசை காட்டவில்லை. இருக்கிற தசையையும் சமநிலையையும் வளர்க்கலாம் என்றார். வெந்நீரை முழங்கையால் சோதிப்பதும் வேட்டியை உட்கார்ந்து கட்டுவதும் அவர் பழக்கியவைதாம். (உறவினர்களிடம் நரம்புப் பாதிப்பு என்றால், சுவரொட்டிகளில் ஆண்மைக் குறைவைச் சொல்லும் 'நரம்புத் தளர்ச்சி' என்று எண்ணிச் சிரிப்பை அடக்கிக்கொள்கிறார்கள்.)

ஐந்தாம் வாரம் கைப்பிடியைப் பற்றியபடி மொட்டைமாடிக்கு ஏறினேன். வேலூர்க் கோட்டையில் ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்கு, கல் சுடுவதற்கு முன் விடியற்காலையில் தடித்த காலுறையுடன் போனேன், யாரும் ஆட்சேபிக்கவில்லை. வீடு திரும்பியதும் கைக்கண்ணாடியைத் தரையில் வைத்து இரு உள்ளங்கால்களையும் பார்த்தேன்; கீறல் ஏதும் இல்லை.