காலேஜ் அசைன்மெண்ட்டுக்கு விக்கிபீடியா: ஒரு செமஸ்டர் பயன்படுத்திப் பார்த்துட்டு எழுதறேன்

நான் மலேசியால பேராக் மாநிலத்துல இருக்கற சுங்கை சிப்புட், படிக்கிறது பக்கத்துல ஈப்போல ஒரு தனியார் காலேஜ். போன செமஸ்டர் மலேசிய வரலாறு பாடத்துக்கு எங்க மேடம் வழக்கமான பத்து பக்க அசைன்மெண்ட் வேணாம்னுட்டாங்க. நாலு நாலு பேரா சேர்ந்து தமிழ் விக்கிபீடியால ஒரு கட்டுரை எழுதணும், இல்ல ஏற்கனவே இருக்கறத வளர்க்கணும், அதுக்குத்தான் மார்க். மத்த லெக்சரருங்க எல்லாம் விக்கிபீடியா பக்கமே போகாதேன்னு சொல்றப்ப இவங்க இப்படி சொன்னது எங்களுக்கு பயமாவே இருந்துச்சு. இப்ப கேட்டா அஞ்சுக்கு நாலரை ஸ்டார் குடுப்பேன்.

எங்க குரூப் எடுத்தது தோட்டத் துண்டாடல். 1950, 60கள்ல வெள்ளக்கார கம்பெனிங்க ரப்பர் தோட்டத்த வித்துட்டுப் போக, வாங்கினவங்க துண்டு துண்டா பிரிச்சு வித்தாங்க, லயத்துல, அதான் தோட்டத்து வரிசை வீடுங்கள்ல, இருந்த நம்ம சனங்களுக்கு வேலையும் போச்சு வீடும் போச்சு. அதுக்காகத்தான் அப்ப மந்திரியா இருந்த எங்க ஊர்க்காரரு துன் சம்பந்தன் 1960ல தேசிய நில நிதி கூட்டுறவுச் சங்கத்த ஆரம்பிச்சாரு, தொழிலாளிங்க பணத்த சேர்த்து தோட்டத்த நாமளே வாங்கணும்னு. இதெல்லாம் தாத்தா சொல்லிக் கேட்டதுதான், ஆனா எழுத உக்காந்தா வரிக்கு வரி ஆதாரம் வேணும், சிங்கப்பூர் தேசிய நூலகம் பழைய பேப்பர் எல்லாத்தையும் இணையத்துல போட்டிருக்காங்க இல்ல, ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ், தமிழ் முரசு எல்லாம், அதுல மூணு ராத்திரி தேடினேன். பின்னணிக்காக, கம்யூனிஸ்ட் கிளர்ச்சிய அடக்க வெள்ளக்கார அரசாங்கம் கொண்டு வந்த அவசரகாலத்தப் பத்தி ஒரு வரி எழுதியிருந்தேன், 1948 ஜூன் 16ல எங்க ஊர் பக்கம் மூணு தோட்டத் துரைங்கள, அதான் வெள்ளக்கார மேனேஜருங்கள, சுட்டப்பவே நாடு முழுக்க அறிவிச்சிட்டாங்கன்னு. தேடிப் பார்த்தா நாடு முழுக்கன்னு ஆனது 18ந்தேதி. சின்ன வயசுல இருந்து நான் தப்பா சொல்லிக்கிட்டு இருந்திருக்கேன்!

விக்கிபீடியால எனக்கு ரொம்ப பிடிச்சது ஒவ்வொரு கட்டுரைக்கும் இருக்கற வரலாறு பக்கம். யாரு எப்ப எந்த வரிய சேர்த்தாங்க எடுத்தாங்கன்னு நேரத்தோட நிக்கும், குரூப் வேலைல ஒருத்தர் செய்ய மூணு பேர் பேர் போட்டுக்கற கதை இங்க நடக்காது. எங்க குரூப்ல ஒருத்தன் ஒரு வெப்சைட்ல இருந்து ரெண்டு பத்தி அப்படியே ஒட்டினான், அன்னைக்கே யாரோ எடுத்துட்டாங்க, காப்புரிமைன்னு காரணமும் எழுதியிருந்துச்சு. மேடம் ஒரு வார்த்தை திட்டல, தேவையே படல.

அப்புறம் உரையாடல் பக்கம், கட்டுரையப் பத்தி எழுதறவங்க பேசிக்கற இடம். நான் "மரம் வெட்டுறவங்க"ன்னு எழுதியிருந்தேன், நம்ம ஊர்ல அப்படித்தானே சொல்லுவோம். தமிழ்நாட்டுல இருந்து ஒருத்தர், மரத்தையே வெட்டி சாய்ச்சிட்டாங்களான்னு கேட்டாரு. பால்மரம் வெட்டுறதுன்னா பட்டைய சீவி பால் எடுக்கறதுன்னு விளக்கினேன், கட்டுரைலயும் அந்த விளக்கத்த சேர்த்தோம். முகம் தெரியாத ஒருத்தர் நான் எழுதினத அவ்ளோ கவனமா படிச்சது எனக்கு இதுவரைக்கும் நடந்ததே இல்ல.

இத கிளாசுக்கு கொண்டு வர்ற லெக்சரருங்களுக்கு ஒண்ணு சொல்லணும். ஒரே இணைய முகவரில இருந்து ஒரு நாளைக்கு ஆறு கணக்குதான் திறக்க முடியும். நாங்க முப்பது பேர் காலேஜ் வைஃபைல ஒரே நேரத்துல உக்காந்து, ஆறு பேருக்கு மேல ஒண்ணும் நடக்காம முதல் கிளாஸே போச்சு. வீட்டுலயே திறந்துட்டு வரச் சொல்லுங்க. எடுத்தவுடனே கட்டுரைல கை வைக்க விடாதீங்க, மணல்தொட்டின்னு எழுதிப் பார்க்கறதுக்குன்னே ஒரு பக்கம் இருக்கு, அதுல ரெண்டு வாரமாவது எழுதிப் பழகட்டும். எவ்ளோ நீளம்னு பார்த்து மார்க் போடாதீங்க, எங்க கிளாஸ்ல நீளத்துக்காக இழுத்து எழுதினதுதான் முதல்ல வெட்டுப்பட்டுச்சு.

அரை ஸ்டார் குறைச்சது ஏன்னா, எங்க பாட்டி சொன்னத நான் போட முடியல. விடியுறதுக்கு முன்னாடியே பெரட்டுக்கு, அதான் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கறதுக்கு, போய் நின்னது, மழைல வெட்டு இல்லன்னா அன்னைக்கு சம்பளம் இல்லாதது, தோட்டம் கைமாறினப்ப யாரும் வந்து ஒரு வார்த்தை சொல்லாதது. வெளியாகாத நேரடிப் பேச்சு ஆதாரமா செல்லாது, அந்த விதி இல்லன்னா ஆளாளுக்கு ஒண்ணு எழுதுவாங்க, எனக்கும் புரியுது. ஆனா தோட்டத்து சனங்களப் பத்தி அச்சுல ஏறினது கொஞ்சம், அதுலயும் முக்கால்வாசி துரைங்க பக்கத்துல இருந்து எழுதினது, பாட்டி மாதிரி ஆளுங்க கலைக்களஞ்சியத்துக்கு வெளியவே நிக்கிறாங்க. மனசுக்கு கஷ்டமா இருக்கு.

மார்க் வந்து ரெண்டு மாசம் ஆச்சு, நான் இன்னும் அந்தக் கட்டுரைய விடல. தோட்டத் தமிழ்ப்பள்ளி மலர், கோவில் கும்பாபிஷேக மலர்ல எல்லாம் பழைய ஆளுங்க எழுதியிருப்பாங்க, பெரட்டு, லயத்து வாழ்க்கை பத்தி அதுல இருந்தா மேற்கோளா காட்டலாமான்னு தமிழ் விக்கிபீடியாவோட பொது கலந்துரையாடல் பக்கமான ஆலமரத்தடில கேட்டிருக்கேன். பேராக் பக்கம் யாரு வீட்டுலயாவது அந்த மாதிரி பழைய மலர் இருந்தா, அட்டையையும் உள் பக்கத்தையும் போட்டோ எடுத்து அனுப்புங்க, கறையான் அரிச்சிருந்தாலும் பரவால்ல.