தங்க டிவிடி என்று நம்பி 2,36,000 ரூபாய் இழந்தோம்: சிறிய அருங்காட்சியகம் நடத்துவோருக்கு ஓர் எச்சரிக்கை

ஆத்திரம் ஆறிய பிறகு எழுதினால் பாதியை விட்டுவிடுவேன் என்பதால் இன்றே எழுதுகிறேன். காவிரிக் கழிமுகத்தில், கடலிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில் உள்ள ஒரு சிற்றூரில், அறக்கட்டளை ஒன்று நடத்தும் சிறிய அருங்காட்சியகத்தின் கௌரவச் செயலாளர் நான். எங்கள் பழைய நெகட்டிவ்களை ஸ்கேன் செய்து, 'நூறு ஆண்டு தாங்கும் தங்க டிவிடி'யில் பதிந்து தருவதாகச் சொன்ன சென்னைக் கடை ஒன்றுக்கு 2,36,000 ரூபாய் கொடுத்தோம். அந்தத் தட்டுகள் முழுதாக ஆறு ஆண்டுகூடத் தாங்கவில்லை. கடையின் பெயரை எழுத வேண்டாம் என்று வழக்கறிஞர் சொல்லியிருப்பதால் எழுதவில்லை. மின்னணுப் பொருள்களுக்குப் பேர்போன ஒரு தெருவில், மாடியில், திருமண விடியோ நாடாக்களையும் பழைய ஆல்பங்களையும் கணினிக்கு மாற்றித் தரும் வகையைச் சேர்ந்த கடை என்று மட்டும் புரிந்துகொள்ளுங்கள்.

எங்களிடம் இருந்தவை 3,100 நெகட்டிவ்கள். அவற்றில் 2,700 கண்ணாடி. மீதி 400 அசிடேட் பிலிம். ஊரில் மூன்று தலைமுறையாக நடந்த ஸ்டூடியோ மூடப்பட்டபோது அந்தக் குடும்பத்தார் மரப்பெட்டிகளோடு கொண்டுவந்து கொடுத்தவை. குடும்பப் படங்கள் பாதி. சுற்றுவட்டாரக் கோயில்களின் உற்சவ மூர்த்திகள், தேர்கள், இன்று இடிந்துபோன மண்டபங்கள் மீதி. இத்தகைய படங்களின் மதிப்பைத் தமிழ்நாட்டில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அரியலூர் மாவட்டத்து ஸ்ரீபுரந்தான் கோயிலிலிருந்து திருட்டுப்போன நடராசர் சிலையை 2008இல் ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் விலைக்கு வாங்கியிருந்தது. அவர் எந்தக் கோயிலைச் சேர்ந்தவர் என்பதை நிலைநாட்டப் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் தொகுப்பிலிருந்த பழைய புகைப்படங்கள் கைகொடுத்தன. 2014இல் சிலை இந்தியா திரும்பியது. ஒரு கறுப்பு வெள்ளைப் படம் இல்லையென்றால் நம்முடையது என்று சொல்ல நமக்கு வாய் மட்டும்தான் மிஞ்சும்.

அசிடேட் பிலிம்களில் ஏற்கெனவே காடி நெடி வீசத் தொடங்கியிருந்தது. வெப்பமும் ஈரப்பதமும் உள்ள இடத்தில் அந்தப் பிலிம் அசிட்டிக் அமிலத்தை வெளிவிட்டுச் சுருங்கி, படலம் வரப்பு வரப்பாகக் கிளம்பிவிடும். தொடங்கிவிட்டால் நிறுத்த முடியாது, குளிரில் வைத்து மெதுவாக்கத்தான் முடியும். குளிர் அறைக்கு எங்களிடம் வழியில்லை. ஆகவே 2019 ஆகஸ்டில் அறங்காவலர்களிடம் மன்றாடி, ஸ்கேன் செய்வதற்கு ஒப்புதல் வாங்கினேன். மன்றாடியவன் நான் என்பதால்தான் இன்று முகத்தைக் காட்ட முடியவில்லை.

நம்பிக்கை பிறந்த அந்த ஐந்து நிமிடத்தை விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அங்கேதான் நான் விழுந்தேன். கடைக்காரர் மேசை இழுப்பறையிலிருந்து ஒரு பழைய சிடியை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். விளிம்பில் பழுப்புப் புள்ளிகள். பக்கத்தில் பொன்னிறமாக மின்னும் ஒரு டிவிடியை வைத்து, "சார், உங்க வீட்டு வெள்ளிக் குத்துவிளக்கு கறுக்குதா இல்லையா? அம்மா போட்டிருக்கிற தங்கச் செயின் கறுக்குதா? அவ்வளவுதான் சார் வித்தியாசம்" என்றார். பொய் சொல்லியிருந்தால் தப்பித்திருப்பேன். அவர் சொன்னது உண்மை. எழுதத்தக்க தட்டுகளில் லேசர் ஒளியைத் திருப்பியனுப்பும் படலம் பெரும்பாலும் வெள்ளிக் கலவை. காற்றிலுள்ள கந்தகச் சேர்மங்கள் அதைக் கறுக்கச் செய்யும், தங்கத்தை ஒன்றும் செய்யா. இதைப் பற்றி நானும் படித்திருந்தேன். தங்கப் படலமும் தாலோசயனின் என்ற பதிவுச் சாயமும் உள்ள சிடி நூறு ஆண்டுக்கு மேல் தாங்கும் என்றும், தங்கப் படலமுள்ள டிவிடி 50 முதல் 100 ஆண்டு தாங்கும் என்றும் கனடாவின் பாரம்பரியப் பொருள் பாதுகாப்பு நிறுவனம் வெளியிட்ட குறிப்பு என் கோப்பிலேயே இருந்தது. எனவே கடைக்காரர் பேசப் பேச, தெரிந்தவரோடு பேசுகிறோம் என்ற நிம்மதி எனக்கு வந்தது. அரைகுறையாகப் படித்தவனை ஏமாற்றுவது, எதுவுமே படிக்காதவனை ஏமாற்றுவதைவிட எளிது போலும். தங்கம் எவ்வளவு நாள் தாங்கும் என்று மட்டுமே யோசித்தேன். என் கையில் இருப்பது தங்கமா என்று யோசிக்கவே இல்லை.

கணக்கு இது. ஒரு நெகட்டிவ் நாலே முக்கால் அங்குலத்துக்கு ஆறரை அங்குலம். அங்குலத்துக்கு 1,200 புள்ளிகள், 16 பிட் சாம்பல் நிறம், சுருக்காத டிஃப் கோப்பு என்றால் ஒரு படம் ஏறத்தாழ 90 எம்பி. ஒரு டிவிடியில் 52 படங்கள். 3,100 படங்களுக்கு 60 டிவிடி. இரண்டு தொகுதி, ஆக 120 டிவிடி. ஸ்கேன் கூலி படத்துக்கு 40 ரூபாய் வீதம் 1,24,000. தட்டுக்கு 500 வீதம் 60,000. 'கூடுதல் பாதுகாப்புக்கு' ஒரு வெளி ஹார்டு டிஸ்க்கும் அதை ஒழுங்குபடுத்தித் தருவதும் 16,000. மேலே 18 விழுக்காடு ஜிஎஸ்டி. மொத்தம் 2,36,000 ரூபாய். இதில் பாதி, வெளிநாட்டில் இருக்கும் ஊர்க்காரர்கள் அனுப்பியது.

2020 ஜனவரியில் தட்டுகள் வந்தன. மூன்று தட்டுகளை மடிக்கணினியில் போட்டுக் காட்டினார்கள். படங்கள் கண்ணைப் பறித்தன. அந்த மூன்றையும் எடுத்துக் கொடுத்தவர் கடைக்காரர்தான் என்பது இப்போதுதான் உறைக்கிறது. கூடவே 'நூறு ஆண்டு உத்தரவாதம்' என்று பொன்னெழுத்தில் அச்சிட்ட ஓர் அட்டை. இரண்டு தொகுதிகளையும் ஒரே இரும்பு அலமாரியில் வைத்துப் பூட்டினேன். இந்தத் தவறு கடைக்காரருடையதன்று, என்னுடையது, அதையும் எழுதிவைக்கிறேன்.

மூன்று வாரங்களுக்கு முன் ஓர் ஆய்வு மாணவி, குறிப்பிட்ட கோயிலின் சோமாஸ்கந்தர் படம் வேண்டுமென்று வந்தார். பட்டியலின்படி 31ஆம் தட்டு. டிரைவ் உறுமியது, நின்றது, மறுபடி உறுமியது. வெற்றுத் தட்டு என்று திரை சொன்னது. இரண்டாம் தொகுதியின் 31ஆம் தட்டில் கோப்புப் பெயர்கள் தெரிந்தன. கடைசிப் பதினைந்து படங்கள் திறக்கவில்லை. அன்று இரவு பதினொரு மணிவரை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தோம். இரு தொகுதிகளிலும் குறையின்றிப் படிக்க முடிந்தவை 19 எண்கள் மட்டுமே. 23 எண்கள் அரைகுறை. 18 எண்களில் இரண்டு தட்டுமே ஊமை.

ஹார்டு டிஸ்க்கை எடுத்தோம். அது பாதிக் கோப்புகளைக் காட்டிவிட்டுத் தொங்கியது. எங்கள் ஊர்ப் பொறியாளர் தம்பி ஒருவர் அதன் ஸ்மார்ட் பதிவைத் திறந்து காட்டினார். வட்டு எத்தனை மணி நேரம் ஓடியது என்பதை அதுவே குறித்துவைத்திருக்கும். 31,400 மணி நேரம் என்று இருந்தது. ஏறத்தாழ மூன்றரை ஆண்டு இராப்பகலாக எங்கோ ஓடி உழைத்த வட்டு. நாங்கள் அதை எல்லாம் சேர்த்து 40 மணி நேரம்கூட ஓட்டியிருக்க மாட்டோம். புதுப் பெட்டியில், பிளாஸ்டிக் உறையோடு வந்த வட்டு அது.

அந்தத் தம்பி அடுத்து செய்ததுதான் எல்லாவற்றையும் உடைத்தது. எழுதத்தக்க ஒவ்வொரு டிவிடியிலும் அதைத் தயாரித்த ஆலையின் குறியீடு ஆலையிலேயே பதிந்திருக்கும். இலவச மென்பொருளால் படிக்கலாம். எங்கள் தட்டுகளில் இருந்தது, நூறு தட்டுகளைத் தண்டில் கோத்து மொத்தமாக விற்கும் சாதாரண டிவிடியின் குறியீடு. டிவிடி என்பது 0.6 மில்லிமீட்டர் கனமுள்ள இரண்டு பாலிகார்பனேட் தட்டுகளை ஒட்டியது. அறவே செத்துப்போன ஒரு தட்டின் விளிம்பில் கத்தி நுனியை நுழைத்துப் பிளந்தோம். உள்ளே இருந்த படலம் வெள்ளை. விளிம்பிலிருந்து ஒரு விரல் நக அகலத்துக்குக் கருகினாற்போல் பழுப்பு. பொன்னிறம் மேல்முகத்தில் பூசிய வண்ணம், அவ்வளவே. டிவிடியில் பதிவு உள்வட்டத்தில் தொடங்கி வெளிவிளிம்பை நோக்கிப் போகும் என்பதால், ஒட்டு விட்டு ஈரக் காற்று நுழைந்த விளிம்பில்தான் ஒவ்வொரு தட்டின் கடைசிப் படங்களும் இருந்தன. இரண்டு தொகுதியும் ஒரே சரக்கு, ஒரே அலமாரி. ஆகவே இரண்டிலும் அதே படங்கள் போயின.

இனி கடைக்காரரின் பதில்கள். முதல் நாள், "உங்க டிரைவ் பழசு சார், லென்ஸ் துடைங்க" என்றார். மூன்று புதிய டிரைவ்களில் பார்த்தாயிற்று என்றதும், "ஏசி ரூம்ல வெச்சீங்களா?" என்றார். விற்கும்போது ஏசி பற்றி ஒரு சொல் சொல்லாதவர். மூன்றாம் முறை வேறொருவர் எடுத்து, அந்த வேலையைச் செய்த பையன் இப்போது இல்லை என்றார். உங்கள் கணினியில் மூலக் கோப்புகள் இருக்குமே என்று கெஞ்சினேன்; 90 நாளில் அழித்துவிடுவது அவர்கள் வழக்கமாம். நேரில் போய் உத்தரவாத அட்டையை மேசையில் வைத்தேன். அவர் அதைத் திருப்பி, பின்புறத்தில் எறும்பு ஊர்ந்தாற்போல் அச்சிட்டிருந்த ஆங்கில வரியைக் காட்டினார்: உத்தரவாதம் பதிவுக்கு அன்று, தட்டுக்கு மட்டும், பழுதானால் அதேபோன்ற வெற்றுத் தட்டு தரப்படும். 2,36,000 ரூபாய்க்கு ஈடாக 120 வெற்றுத் தட்டுகள்! "இப்பவே பேக் பண்ணச் சொல்லட்டுமா சார்?" என்று அவர் கேட்டது கிண்டலா உண்மையா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. மாடிப்படி இறங்கும்போது கால் துவண்டது. மறுநாள் வாட்ஸ்அப்பில் என்னைத் தடை செய்துவிட்டார்.

பில்லை எடுத்துப் பார்த்தால் 'டிவிடி ஆர்கைவல், 120' என்று மட்டுமே இருக்கிறது. தங்கம் என்ற சொல் எங்கும் இல்லை. தயாரிப்பாளர் பெயர் இல்லை. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் முறையிட வேண்டும். அந்த நாள் விற்ற நாளா, மோசடி தெரியவந்த நாளா என்பதை வைத்தே எதிர்த்தரப்பு வழக்காடும் என்கிறார் வழக்கறிஞர். ஆனாலும் முறையிடத்தான் போகிறோம்.

நிலவரம்: டிடிரெஸ்க்யூ என்ற இலவச மென்பொருள், ஒரே தட்டை மூன்று டிரைவ்களில் மாற்றி மாற்றிப் படித்து, கிடைத்த துண்டுகளைச் சேர்க்கிறது. ஒன்றில் படிக்காத பகுதி இன்னொன்றில் படிக்கிறது. இரு தொகுதியையும் ஹார்டு டிஸ்க்கையும் கலந்து இதுவரை 2,260 படங்களை மீட்டிருக்கிறோம். கிடைக்காதவை 840. அவற்றில் 655 கண்ணாடி. மறுபடி ஸ்கேன் செய்யலாம், பணம் இருந்தால். மீதி 185 அசிடேட் பிலிம்கள். பெட்டியைத் திறந்தால் காடி நெடி மூக்கை அறுக்கிறது. சுருண்டு ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கின்றன. மாணவி கேட்ட சோமாஸ்கந்தர் அவற்றில் ஒன்று.

நூறு ஆண்டு என்ற எண்ணைப் பற்றியும் ஒரு வார்த்தை. யாரும் நூறு ஆண்டு காத்திருந்து அளந்ததில்லை. தட்டுகளைக் கடும் வெப்பத்திலும் ஈரத்திலும் வாரக்கணக்கில் வைத்து, பிழைகள் பெருகும் வேகத்தைப் பார்த்து, சாதாரண அறையில் எவ்வளவு நாளாகும் என்று கணக்கிடுகிறார்கள். அந்தச் 'சாதாரண அறை' என்பது 25 பாகை, 50 விழுக்காடு ஈரப்பதம் போன்ற ஓர் அறை. எங்கள் கடலோர அலமாரி அப்படிப்பட்ட அறையை ஒருநாளும் கண்டதில்லை. அசல் தங்கமாகவே இருந்திருந்தாலும் நூறு ஆண்டு எங்களுக்குக் கிடைத்திருக்காது.

என்ன செய்ய வேண்டும் என்று விரிவாக எழுத உட்கார்ந்தேன், பொறுமை இல்லை. அவசரமாகச் சில: தட்டு வாங்கினால் பில்லில் தயாரிப்பாளர் பெயரும் படலத்தின் உலோகமும் எழுதச் சொல்லுங்கள், ஆலைக் குறியீட்டைக் கடையிலேயே படித்துப் பாருங்கள். பதிந்தவுடன் பிழைச் சோதனை அறிக்கை கேளுங்கள்; டிவிடிக்கு அடுத்தடுத்த 8 தரவுக் கட்டங்களில் 280 பிழை என்பது மேல்வரம்பு, புதுத் தட்டு அதற்கு வெகு கீழே இருக்க வேண்டும். ஹார்டு டிஸ்க்கை முதல் நாளே ஸ்மார்ட் பதிவு பார்க்காமல் வாங்காதீர்கள். ஒவ்வொரு கோப்புக்கும் செக்சம் (கோப்பு மாறியிருந்தால் காட்டிக்கொடுக்கும் சரிபார்ப்பு எண்) எழுதிவைத்து ஆண்டுக்கொருமுறை ஒப்பிடுங்கள். பிரதிகளை வெவ்வேறு வகை ஊடகத்தில், வெவ்வேறு ஊரில் வையுங்கள். எஸ்எஸ்டி என்ற சில்லு வகைச் சேமிப்பானை மின்சாரம் கொடுக்காமல் ஆண்டுக்கணக்கில் பூட்டிவைக்காதீர்கள். ஸ்கேன் ஆகிவிட்டது என்று மூல நெகட்டிவைக் கைவிடாதீர்கள்.

நேற்று இன்னொருவர் தொலைபேசியில் வந்து, கணினிக் கோப்புகளைப் பதியும் எல்டிஓ என்ற காந்த நாடா முப்பது ஆண்டு தாங்கும் என்றார். எட்டாம் தலைமுறை டிரைவ் ஆறாம் தலைமுறை நாடாவைப் படிக்குமா என்று கேட்டேன். படிக்காது என்பது எனக்குத் தெரியும். அவர் "எல்லாம் படிக்கும் சார்" என்றார். வைத்துவிட்டேன்.

இன்னும் ஏழு தட்டுகள் பாக்கி. 44ஆம் தட்டு இப்போது டிரைவில் சுற்றிக்கொண்டிருக்கிறது, 71 விழுக்காடு.