கட்டை பிளந்த .375: சில வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

நீல்காய் என்ற பெரிய மான் வகை விலங்கை வேட்டையாட .375 எச் அண்ட் எச் (ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட்) என்ற பெரிய தோட்டா போடும் ரைபிள் வாங்கலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டிருந்தார். அவர் கேட்ட நேரம் சரியில்லை. என் .375 ரைபிளின் மரக்கட்டை, அதாவது தோளில் ஊன்றிப் பிடிக்கும் பாகம், பிளந்து ரிப்பேருக்குப் போய் இப்போதுதான் திரும்பி வந்திருக்கிறது, கூடவே பில்லும் வந்திருக்கிறது. கோபம் இன்னும் ஆறவில்லை. இருந்தாலும் உள்ளதை உள்ளபடி சொல்லப் பார்க்கிறேன்.

உதை எப்படி என்பதைத்தான் எல்லோரும் முதலில் கேட்பார்கள். வேட்டைக்குப் பலரும் வைத்திருக்கும் .30-06 ரைபிளின் உதை சுமார் 20 அடி-பவுண்டு என்றால், இது கிட்டத்தட்ட அதைப்போல இரண்டு மடங்கு. நின்றுகொண்டு சுட்டால் அவ்வளவு தெரியாது, உடம்பு பின்னால் சாய்ந்து கொடுத்துவிடும், பலமாக யாரோ தள்ளிய மாதிரிதான் இருக்கும். குறிபார்க்கும் தொலைநோக்கியான ஸ்கோப்பைச் சரிபார்க்க ரேஞ்சில் பெஞ்சில் உட்காரும்போதுதான் சிரமம். முழங்கைகள் மேசையில் ஊன்றியிருக்கும், தோள் முன்னால் தள்ளியிருக்கும், உடம்பு நகர வழியே இல்லை, முழு அடியையும் தோள்தான் வாங்க வேண்டும். குப்புறப் படுத்துச் சுடுவது அதைவிட மோசம், காறை எலும்பில் வந்து இடிக்கும். ஸ்கோப்புக்கும் கண்ணுக்கும் நடுவே மூன்றரை, நான்கு அங்குலம் இடைவெளி கட்டாயம் வேண்டும், இல்லையென்றால் புருவம் கிழியும். கம்பெனி போட்டுத் தந்த ரப்பர் பேட் செங்கல் மாதிரி இருந்தது, கழற்றிவிட்டு மெத்தென்ற ஒன்றைப் போட்டேன், பாதி வலி போய்விட்டது. குழல் முனையில் பிரேக், அதாவது வாயுவைப் பக்கவாட்டில் திருப்பிவிடும் துளைகள் உள்ள மூடி, போடலாமே என்பார்கள். உதை நிஜமாகவே நன்றாகக் குறையும், ஆனால் அந்தச் சத்தம் பக்கத்தில் நிற்கும் கைடின் காதைப் பதம் பார்த்துவிடும். எனக்கு வேண்டாம்.

ஆக, உதை எனக்குப் பிரச்சினை இல்லை, பழகிக்கொள்ளலாம். அந்த உதையைத் தாங்குவதற்கென்றே செய்து விற்கும் துப்பாக்கியின் கட்டை அதைத் தாங்கவில்லை என்பதுதான் என் ஆத்திரம்.

ஒருநாள் எண்ணெய் போட்டுத் துடைக்கும்போது, ரிசீவரின் (குழல் வந்து பொருந்தும் உலோக உடலின்) பின்முனை முடியும் இடத்தில், கைப்பிடி ஆரம்பிக்கிற இடத்தில், மயிரிழை போல ஒரு கோடு. மரத்தின் இயற்கையான ரேகை என்றுதான் முதலில் தோன்றியது, நகத்தால் வருடினேன், நகம் மாட்டியது. துப்பாக்கி ரிப்பேர் செய்யும் கன்ஸ்மித் பிரித்துப் பார்த்ததும் காரணம் தெரிந்துவிட்டது. ரிசீவரின் அடியில் ரீகாயில் லக் என்று ஒரு தடித்த இரும்புப் பல் இருக்கிறது, உதையின் பாரம் முழுக்க அந்தப் பல் வழியாகத்தான் மரத்தில் இறங்க வேண்டும். என்னுடையதில் அந்தப் பல்லின் ஒரு ஓரம் மட்டும்தான் மரத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது. அப்படி இருந்தால் ஒவ்வொரு சுடுதலுக்கும் ரிசீவர் துளித்துளியாகப் பின்னால் நகரும், அதன் பின்முனை ஆப்பாக மாறிக் கைப்பிடி மரத்தை நடுவே பிளந்துவிடும்.

ஸ்லெட்டில், அதாவது மணல் மூட்டை வைத்து அசையாமல் நிறுத்தும் சட்டத்தில், பூட்டிச் சுட்டீர்களா என்று கம்பெனியில் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஸ்லெட்டில் வைத்தால் துப்பாக்கி பின்னால் போக முடியாது, தோள் தப்பிக்கும், அடி முழுவதும் கட்டைக்கும் ஸ்கோப்புக்கும் போகும். அதில் கட்டை பிளப்பதும் ஸ்கோப்பின் உள்ளே குறுக்குக்கம்பி கழன்றுபோவதும் எல்லோருக்கும் தெரிந்த கதை. நான் ஸ்லெட்டைத் தொட்டதே இல்லை. சொன்னேன். மரம் வாரண்டியில் வராது என்று இரண்டு வரியில் பதில் வந்தது. பல்லைச் சரியாக உட்கார வைக்காதது அவர்கள் வேலைதானே? லக்கைச் சுற்றி எபாக்சி பசை ஊற்றி, பின்முனைக்குப் பின்னால் அட்டை நுழையும் அளவு இடைவெளி செதுக்கி, கட்டைக்குக் குறுக்கே இரும்பு போல்ட் போட்டுத் தந்தார் கன்ஸ்மித். அவர் செய்தது எதுவும் புதிய வித்தை இல்லை, இந்த மாதிரி துப்பாக்கிகளுக்குக் காலங்காலமாகச் செய்து வருவதுதான். தொழிற்சாலையிலேயே செய்து அனுப்பியிருக்க வேண்டிய வேலை.

சரி, நல்லதையும் சொல்லிவிடுகிறேன், நிறையவே இருக்கிறது. 1912-இல் ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் கொண்டுவந்த தோட்டா இது. அப்போதைய வெடிமருந்து கார்டைட், சூடான நாடுகளில் அழுத்தம் ஏறிவிடும், ஏறினாலும் காலித் தோட்டா சிக்காமல் வெளியே வர வேண்டும் என்பதால் நீளமாகவும் நன்றாகச் சரிந்தும் இருக்கும். அந்தச் சரிவின் புண்ணியத்தில் போல்டைத் தள்ளும்போது தோட்டா உள்ளே போவதே கையில் தெரியாது. தெற்கு டெக்சஸ் ஆகஸ்ட் வெயிலிலும் எனக்கு ஒன்றுகூடச் சிக்கியதில்லை. 270 கிரெய்ன், 300 கிரெய்ன் என்று வேறு வேறு எடையில் குண்டை மாற்றினாலும் என் துப்பாக்கியில் 100 கெஜத்தில் இரண்டு விரல் அகலத்துக்குள்தான் விழுகிறது, ஸ்கோப்பைத் தொட வேண்டியதே இல்லை. இந்த ஒரு விஷயத்துக்காகவே இதன்மேல் எனக்கு அப்படி ஒரு பிரியம்.

நீல்காய் வடஇந்திய விலங்கு, 1920களில் தொடங்கி தெற்கு டெக்சஸில் உள்ள கிங் ரான்ச் என்ற பெரிய பண்ணையில் கொண்டுவந்து விட்டார்கள், இன்று அந்தக் கடலோரச் சமவெளி முழுக்கப் பரவியிருக்கிறது. பெரிய ஆண் 600 பவுண்டு வரை வரும். தோள் தோல் தடிமன், ரத்தச் சுவடு அநேகமாக விழாது, தப்பான இடத்தில் பட்டால் புதருக்குள் ஓடி மறைந்துவிடும், அப்புறம் தேடி எடுப்பது பெரும்பாடு. அடிபட்ட விலங்கை அப்படி விட்டுவிட்டு வருவது எனக்கு ஆகாது. தோளில் சரியாகப் பட்ட .375 அந்த வேதனையை வைப்பதில்லை. இதில் எனக்குத் துளியும் சந்தேகம் இல்லை.

இவ்வளவு சொன்ன பிறகும் நண்பருக்கு என் பதில், வாங்காதீர்கள். 20 தோட்டா உள்ள ஒரு பெட்டி பல கடைகளில் 100 டாலரைத் தாண்டுகிறது, போதுமான பயிற்சிக்கே கை கூசும். நல்ல குண்டு போட்ட, இதைவிடச் சிறிய .300 மேக்னம் ரைபிள் நீல்காய்க்குத் தாராளமாகப் போதும். இன்னும் ஆறு மாதம் கழித்துக் கேட்டிருந்தால் வேறு மாதிரி சொல்லியிருப்பேனோ என்னவோ, இன்றைக்கு இதுதான் பதில்.

இல்லை, வாங்கியே தீருவேன் என்றால், காசு கொடுக்கும் முன் கடைக்காரரிடம் அடி ஸ்க்ரூக்களைக் கழற்றச் சொல்லி ரிசீவரைத் தூக்கிப் பாருங்கள். லக் மரத்தில் முழுசாகப் பதிந்திருக்கிறதா, பின்முனைக்குப் பின்னால் இடைவெளி விட்டிருக்கிறார்களா, இந்த இரண்டையும் பார்த்தால் போதும். கழற்ற மாட்டேன் என்று சொன்னால் வேறு கடைக்குப் போய்விடுங்கள்.