பழைய ஜீப்புக்கு 16 அங்குல இரும்பு ரிம்மும் நைலான் டயரும்: போடிமெட்டுப் பாதையில் ஓட்டிப் பார்த்த மதிப்பீடு

பழைய ஜீப்பை அதன் காலத்துத் தோற்றத்துக்கே கொண்டுவர விரும்புகிறவர்கள் பெரும்பாலும் டயர்க் கடையிலிருந்துதான் தொடங்குகிறார்கள். தொடங்க வேண்டிய இடம் ரிம். ரிம்மின் அகலமும், வண்டியின் ஸ்டட்டில் (சக்கரத்தை மாட்டும் திருகு முளையில்) அது உட்காரும் விதமும் முடிவான பிறகுதான் எந்த டயர் என்ற கேள்விக்கே பொருள் உண்டு. போடிநாயக்கனூரிலிருந்து முந்தலுக்குப் போகும் சாலையில் பெயர்ப்பலகை இல்லாமல் நடக்கும் ஒரு ஜீப் பட்டறையில் செப்பனிட்டு வாங்கிய ஐந்து ரிம்களையும், அவற்றில் ஏற்றிய 6.00-16 (ஆறு அங்குல அகலம், 16 அங்குல ரிம்) நைலான் டயர்களையும், போடிமெட்டு, பூப்பாறை, சூரியநெல்லி வழிகளில் ஒரு தென்மேற்குப் பருவமழைக் காலம் முழுவதும் ஓட்டிப் பார்த்த பிறகே இதை எழுதுகிறேன்.

வண்டி மகிந்திராவின் சிஜே-3பி. வில்லிஸ் நிறுவனம் 1953-இல் அமெரிக்காவில் கொண்டுவந்த மாதிரி இது. உள்ளே வைத்த ஹரிக்கேன் இன்ஜின் முந்தையதைவிட உயரமானது என்பதால் பானெட்டை உயர்த்த வேண்டியிருந்தது. இந்த வண்டியின் முகத்தை யாரும் அடையாளம் கண்டுகொள்வது அந்த உயர்ந்த பானெட்டால்தான். மகிந்திரா உரிமம் பெற்று இதே உடலைப் பல பத்தாண்டுகள் தயாரித்ததால், கேரள எல்லையை ஒட்டிய ஏலத் தோட்டங்களில் இது அருங்காட்சியகப் பொருளாக ஆகாமல் இன்றும் ஆளையும் மூட்டையையும் ஏற்றிக்கொண்டு மலையேறுகிறது. விடியற்காலையில் போடியிலிருந்தும் கம்பத்திலிருந்தும் தோட்ட வேலைக்கு ஆள் ஏற்றிச் செல்லும் ஜீப்புகளின் சக்கரங்களைக் கவனித்தால் ஒன்று தெரியும்: பாடுபடுகிற வண்டிகளில் ஒல்லியான டயர்தான் இருக்கும், பளபளக்கும் அலாய் வீலும் அகல டயரும் வார இறுதியில் மட்டும் மலையேறுகிற வண்டிகளில் இருக்கும்.

தோற்றத்துக்காக மட்டும் நான் பழைய அளவை வற்புறுத்தவில்லை. இந்த ஜீப்பின் ஸ்டியரிங்கில் பவர் உதவி கிடையாது. நாலரை அங்குல அகல ரிம்மையும் ஆறு அங்குல டயரையும் மனத்தில் வைத்துத்தான் முன் அச்சின் நக்கிள் (சக்கரம் திரும்பும் மூட்டு), பேரிங், ஸ்டியரிங் பெட்டி எல்லாமே வடிவமைக்கப்பட்டன. எட்டு அங்குல அகல ரிம்மை வெளியே தள்ளி மாட்டினால் டயர் தரையைத் தொடும் இடம் திருப்பு அச்சிலிருந்து விலகிவிடுகிறது. ஒவ்வொரு கல்லும் குழியும் ஸ்டியரிங் வழியாக ஓட்டுகிறவரின் மணிக்கட்டுக்கு வருவதோடு, கொண்டை ஊசி வளைவில் நின்று திருப்ப இரண்டு கையும் முழுப் பலத்தோடு வேண்டியிருக்கிறது. கிங் பின் (அந்தத் திருப்பு அச்சு) பேரிங்குகளும் சீக்கிரம் தேய்கின்றன. வண்டிக்கு மிடுக்கு வந்துவிட்டது என்று மகிழ்கிறவர்கள் அந்தத் தேய்மானத்தைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

ரிம்மின் அளவுகளைச் சொல்லிவிடுகிறேன். ஐந்து ஸ்டட்டுகளின் நடுப்புள்ளிகள் வழியாகப் போகும் வட்டத்தின் விட்டம் 5.5 அங்குலம், அதாவது 139.7 மில்லிமீட்டர். ரிம்மின் விட்டம் 16 அங்குலம், அகலம் 4.50 அங்குலம். மாருதி ஜிப்ஸிக்கும் ஸ்டட் வட்டம் இதே 139.7 மில்லிமீட்டர் என்பதால், அதன் 15 அங்குல ரிம்மை ஜீப்பில் மாட்டிவிடலாம் என்று யோசனை சொல்கிறவர்கள் நிறைய உண்டு. ஸ்டட்டில் உட்காருவது பொருத்தத்தில் பாதி மட்டுமே. நடு ஓட்டை ஹப்பில் (சக்கரம் உட்காரும் அச்சு நுனியில்) சரியாகப் பொருந்துகிறதா, ரிம்மின் உள்விளிம்புக்கும் டை ராடு (முன் சக்கரங்களை இணைத்துத் திருப்பும் கம்பி) முனைக்கும் இடையே ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்த நிலையிலும் இடைவெளி இருக்கிறதா என்பவற்றை அளந்து பார்க்காமல் எந்த ரிம்மையும் வாங்கக் கூடாது.

இந்த இடத்தில்தான் முந்தல் சாலைப் பட்டறை மற்ற கடைகளிலிருந்து வேறுபடுகிறது. டயர் என்ன விலை என்று நான் கேட்டதற்குப் பட்டறையை நடத்தும் பெரியவர், “டயரைப் பெறகு பாப்போம் தம்பி, மொதல்ல வண்டியில இருக்குற அஞ்சு ரிம்மையும் கழட்டிக் கொண்டாங்க” என்றார். கொண்டுபோனவற்றில் மூன்றுதான் தேறின. மீதி இரண்டுக்கு அவரிடமே இருந்த பழைய ரிம்களிலிருந்து எடுத்துக் கொடுத்தார். பழைய ஜீப் ஹப் ஒன்றை இரும்பு மேசையின் ஓரத்தில் பற்றவைத்து நிறுத்தியிருக்கிறார்கள். ரிம்மை அதில் மாட்டி, நட்டுகளை இறுக்கி, கையால் சுழற்றிவிட்டு, பக்கத்தில் நட்டிருக்கும் கம்பியின் மேல் விரலை ஊன்றிக்கொண்டு சாக்பீஸை மெல்ல ரிம்மின் விளிம்புக்கு நகர்த்துகிறார். விளிம்பு முழுவதும் ஒரே சீராக வெள்ளைக் கோடு விழுந்தால் ரிம் நேராக இருக்கிறது. ஓரிடத்தில் மட்டும் கோடு அழுத்தமாக விழுந்து மறுபக்கம் விழாமலே போனால் அந்த அளவுக்கு ரிம் வளைந்திருக்கிறது. என்னுடைய ரிம் ஒன்றில் உள்ளங்கை அகலத்துக்கு மட்டுமே கோடு விழுந்தது. அதைத் தட்டி நிமிர்த்தித் தர அவர் ஒப்புக்கொள்ளவில்லை. ஸ்டட் ஓட்டையைச் சுற்றி மயிரிழை அளவுக்கு ஒரு விரிசல் இருந்ததை மண்ணெண்ணெய் தடவித் துடைத்துக் காட்டி, அந்த ரிம்மைத் தனியே ஒதுக்கி வைத்தார். விற்றுவிடக்கூடிய பொருளை இது ஆகாது என்று ஒதுக்கிவைக்கும் கடையை நான் மதிக்கிறேன்.

தேறிய ரிம்களைச் சாண்ட் பிளாஸ்ட் செய்து (மணலைப் பீய்ச்சித் துருவை நீக்கி), துருத் தடுப்பு ரெட் ஆக்சைடு பூசி, அதன்மேல் மெல்லிய பெயின்ட் அடித்துத் தந்தார்கள். பவுடர் கோட்டிங் கேட்கிறவர்களுக்கு அதையும் செய்து தருகிறார்கள் என்றாலும், நட்டு உட்காரும் கூம்புப் பள்ளங்களை மறைத்துவிட்டுத்தான் செய்கிறார்கள். அந்தக் கவனம் மிகவும் முக்கியம். தடித்த பூச்சின் மேல் நட்டை இறுக்கினால், ஓட ஓடப் பூச்சு நசுங்கி நட்டு தளர்ந்துவிடும். ரிம்மின் உள்பள்ளத்தில் துரு தின்ற குழிகளையும் தேய்த்துச் சமன் செய்திருந்தார்கள். அப்படியே விட்டால் டியூப் அந்த இடத்தில் உராய்ந்து, ஆணி ஏறாமலே பஞ்சராகும்.

பட்டறையின் குறைகளையும் சொல்ல வேண்டும். தேதி கேட்டால் சரியான பதில் கிடைக்காது. சீட்டு எழுதித் தருவதில்லை. பேலன்சிங் இயந்திரம் அங்கே இல்லை என்பதால் தேனிக்குத்தான் கொண்டுபோக வேண்டியிருந்தது. ஆனால் ஐந்து ரிம்களுக்கும் சேர்த்து நான் கொடுத்த தொகை, நகரத்தில் ஒரு செட் அலாய் வீலுக்குக் கேட்ட விலையில் பாதியைக்கூட எட்டவில்லை.

இனி டயர். 6.00-16 என்று கேட்டால் எந்த ஊரிலும் உடனே எடுத்துக் கொடுப்பார்கள். அதில்தான் ஆபத்து இருக்கிறது. டிராக்டரின் முன் சக்கரத்துக்கும் இதே அளவு டயர்தான். நகரத்துக் கடை ஒன்று எனக்கு நீளவாக்கில் மூன்று ரப்பர் வரி ஓடும் டிராக்டர் முன் டயரை, ஜீப்புக்கும் இதுதான் என்று உறுதியாகச் சொல்லி விற்கப் பார்த்தது. டயரின் பக்கச் சுவரில் வேகக் குறியீடு இருக்கும். ஏ6 என்றால் மணிக்கு 30 கிலோமீட்டர், ஏ8 என்றால் 40 கிலோமீட்டர் என்பது அந்த டயருக்கு வகுத்த வரம்பு. பக்கவாட்டுப் பிடிப்பும் பிரேக் பிடிப்பும் வேறு தேவைக்காக அமைந்த அந்த டயரைப் போட்டுக்கொண்டு போடிமெட்டிலிருந்து இறங்குவது உயிரோடு விளையாடுவது. ஆகவே அளவை மட்டும் பார்த்து வாங்காமல், ஜீப்புக்கும் இலகுரக வண்டிக்கும் உரிய டயர்தானா என்பதைப் பக்கச் சுவரிலேயே படித்து உறுதி செய்துகொள்ள வேண்டும்.

இரண்டாவதாகப் பார்க்க வேண்டியது டயரின் வயது. தயாரித்த வாரமும் ஆண்டும் நான்கு இலக்கமாக அச்சாகியிருக்கும்; 2319 என்றிருந்தால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். ஜீப் அளவு டயர் மெதுவாகவே விற்பதால், பரணில் பல ஆண்டு கிடந்த சரக்கு புதுசு என்ற பெயரில் கைக்கு வர வாய்ப்பு அதிகம். பட்டன்களுக்கு (டயர் முகத்தில் துருத்தி நிற்கும் ரப்பர் கட்டைகளுக்கு) இடையிலுள்ள பள்ளத்தை விரலால் விரித்துப் பார்த்தால் நுண்ணிய வெடிப்புகள் தெரிந்துவிடும். பிளை (டயரின் வலுவைக் குறிக்கும் நூல் அடுக்கு) எண்ணிக்கையில் ஆறு போதும் என்பது என் கருத்து. எட்டுப் பிளை டயர் மூட்டை ஏற்றும் வண்டிக்குச் சரி. இரண்டு பேர் மட்டும் போகும் ஜீப்பில் அது வளைந்துகொடுக்காமல், ஒவ்வொரு கல்லிலும் வண்டியைத் தூக்கிப் போடுகிறது.

பட்டன் அமைப்பில் இரண்டு வகை கிடைக்கும். இரண்டாம் உலகப் போர்க்கால ஜீப்புகளில் இருந்தது, எந்தப் பக்கம் சுழன்றாலும் ஒரே மாதிரி தெரியும் கட்டை கட்டையான பட்டன். படத்தில் மிக அழகாக இருக்கும், நனைந்த தாரில் பிடிப்புக் குறைவு. போருக்குப் பிந்தைய சிஜே வண்டிக்கு அது காலத்தாலும் கட்டாயமில்லை. நடுவில் தொடர்ச்சியான ரப்பர் வரியும் ஓரங்களில் பட்டனும் உள்ள வகையைத்தான் நான் எடுத்தேன். மழை பெய்கிற மலைக்கு இதுவே மேல். போர்க்கால ரிம்மையே தேடிப் பிடித்து மாட்டுகிறவர்களும் உண்டு. அது இரண்டு பாதியாகச் செய்து நட்டுகளால் இணைத்தது. காற்றை முழுதாக இறக்காமல் அந்த நட்டுகளைக் கழற்றினால் ரிம் வெடித்துப் பிரிந்து ஆளையே அடித்துவிடும். பழக்கமில்லாத பஞ்சர் கடையில் அதைக் கொடுக்கவே கூடாது.

பழைய பாணிச் சக்கரம் என்ற பேச்சு வந்தால் அமெரிக்க ஹாட் ராட் படங்களைக் காட்டுகிறவர்கள் இங்கே பெருகியிருக்கிறார்கள். 1932 ஃபோர்டு போன்ற கார்களைப் பிரித்து, இன்ஜினைப் பெருக்கி, முன்னால் 5.50-16 போன்ற ஒல்லியான டயரும் பின்னால் 7.00-16 போன்ற உயர்ந்த டயரும் போட்டு, முகம் தாழ்ந்து நிற்கும்படி செய்த அந்த அழகை நானும் விரும்புகிறேன். 1940 ஃபோர்டின் 16 அங்குல இரும்பு ரிம் அந்த உலகில் இன்றும் தேடி வாங்கப்படுவது. அதன் ஸ்டட் வட்டமும் ஜீப்பைப் போலவே 5.5 அங்குலம்தான். அங்கே பழைய டயர் வகைகளை இன்றும் புதிதாக வார்த்து விற்கிறார்கள். 1958-இல் தொடங்கிய, சாட்டனூகா நகரைச் சேர்ந்த கோக்கர் டயர் அதில் பெயர் பெற்றது. ஆனால் முன் சிறிது, பின் பெரிது என்ற அந்த ஏற்பாட்டை ஜீப்பில் செய்யவே கூடாது. அந்தக் கார்களில் பின் சக்கரம் மட்டும்தான் இழுக்கிறது. ஜீப்பில் நான்கு சக்கர இழுவையைப் போட்டவுடன் முன் அச்சும் பின் அச்சும் டிரான்ஸ்ஃபர் கேஸில் (இன்ஜின் விசையை இரண்டு அச்சுக்கும் பிரித்துத் தரும் பெட்டியில்) ஒன்றாகப் பூட்டிக்கொள்கின்றன. சக்கரங்களின் சுற்றளவு வேறுபட்டால் ஒரு அச்சு மற்றொன்றை இழுத்து முறுக்கி, கியரையோ ஜாயின்ட்டையோ உடைத்துவிடும். ஜீப்பின் நான்கு டயரும் ஒரே அளவு, ஒரே வகை, ஏறக்குறைய ஒரே தேய்மானம் கொண்டவையாக இருக்க வேண்டும்.

ஓட்டத்தில் எப்படி இருக்கிறது என்பதற்கு வருகிறேன். காலையில் முதல் இரண்டு மூன்று கிலோமீட்டருக்கு வண்டி தடதடவென்று அதிரும். இரவெல்லாம் நின்றதில் நைலான் டயரின் அடிப்பகுதி தட்டையாகிவிடுவதே காரணம். சூடேறியதும் அது தானாகச் சரியாகிவிடுகிறது. சமதளச் சாலையில் மணிக்கு 60 கிலோமீட்டர் வரை நிம்மதியாக ஓடுகிறது. அதற்கு மேல் போனால், தாரில் நீளவாக்கில் உள்ள ஒவ்வொரு வரியையும் டயர் பின்தொடரப் பார்க்கிறது. ஸ்டியரிங்கை விடாமல் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும். வில்லிஸ் சிஜே-3பியின் அச்சு விகிதம் 5.38 (சக்கரம் ஒருமுறை சுற்ற, அதைச் சுழற்றும் தண்டு 5.38 முறை சுற்ற வேண்டும்) என்பதால் அந்த வேகத்துக்கு மேல் இன்ஜினும் விரும்பி ஓடுவதில்லை.

மலையில்தான் இந்தச் சக்கரத்தின் அருமை தெரிகிறது. பூப்பாறையைத் தாண்டித் தோட்டப் பாதைக்குள் இறங்கியதும், சேற்றின் மேலே மிதக்காமல் அதைக் கிழித்து அடியிலுள்ள கெட்டி மண்ணைப் பிடிக்கிறது ஒல்லி டயர். ஜூலை மழையில் ஏலக்காட்டு ஓரத்து ஒற்றைத் தடத்தில், அகல டயர் போட்ட ஒரு வண்டி பக்கவாட்டில் வழுக்கி வரப்பில் சாய்ந்து நின்ற இடத்தை, நான் இரண்டாவது கியரில் நிதானமாகக் கடந்தேன். கொண்டை ஊசி வளைவுகளில் ஸ்டியரிங் ஒரு கையின் பலத்துக்கே இணங்குகிறது. நனைந்த தாரில் இறங்கும்போது மட்டும் மிகுந்த எச்சரிக்கை வேண்டும். இன்றைய கார்களில் இருக்கும் ரேடியல் டயர் நிற்கும் தூரத்தில் இது நிற்காது. முன் வண்டிக்கு இருமடங்கு இடைவெளி விட்டு, கியரிலேயே இறங்க வேண்டும். காற்று முன்னால் 26, பின்னால் 28 பவுண்டு வைக்கிறேன். முழு பாரம் ஏற்றினால் பின்னால் கூட்டிக்கொள்கிறேன்.

அடிக்கடி கொச்சிக்கோ மதுரைக்கோ நெடுஞ்சாலையில் போகிறவர்களுக்கு இந்த டயரை நான் பரிந்துரைக்க மாட்டேன். அவர்கள் 15 அங்குல இரும்பு ரிம்மில் 235/75 ஆர்15 ரேடியல் போடுவதே நல்லது. அதன் உயரம் சுமார் 733 மில்லிமீட்டர். பழைய டயரின் உயரத்தை ஒட்டியே வருவதால் ஸ்பீடாமீட்டரும் கியர் விகிதமும் பெரிதாக மாறுவதில்லை. ஸ்டியரிங் கனப்பதை மட்டும் ஏற்றுக்கொள்ள வேண்டும். ஆனால் இரண்டு ரேடியல், இரண்டு நைலான் என்று கலந்து போட்டு ஒப்பேற்றுவது எந்த வண்டிக்கும் ஆகாது. ஜீப்புக்கு அறவே ஆகாது.

மாட்டும்போது கவனிக்க இரண்டு செய்திகள் உண்டு. ரிம்மின் வால்வு ஓட்டை சுமார் 16 மில்லிமீட்டர் இருந்தால், கார் டியூபின் சிறிய வால்வை அதில் நுழைத்துச் சமாளிக்கக் கூடாது. வால்வு ஓட்டைக்குள் ஆடி ஆடி அடியில் கிழியும். டிஆர்15 வகைப் பெரிய வால்வு உள்ள டியூபையே கேட்டு வாங்க வேண்டும். அடுத்தது, பழைய ஜீப்பில் இடப்பக்கச் சக்கரங்களின் நட்டுகளுக்கு இடது மரை, அதாவது கழற்ற வலப்பக்கம் சுற்ற வேண்டும். இது தெரியாத கடைகளில் பையன்கள் கழற்றுவதாக நினைத்து மேலும் இறுக்கி, ஸ்டட்டையே முறித்துவிடுகிறார்கள். ஸ்பேனரை வைப்பதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும்.

ஸ்டெப்னிக்கு மட்டும் கையில் கிடைத்த பழைய டயரைப் போட்டுப் பணம் மிச்சம் பிடிக்கிறவர்கள் பலர். நடுக்காட்டில் பஞ்சராகி, அந்த டயரை மாட்டிக்கொண்டு நான்கு சக்கர இழுவையில் ஏற நேர்ந்தால், மேலே சொன்ன சுற்றளவுச் சிக்கல் அப்படியே வந்து சேரும். ஆகவே ஐந்தாவது ரிம்மையும் டயரையும் அதே தரத்தில், அதே நாளில் வாங்கிவிடுவது நல்லது. சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஏறும் ஜீப்புகளைப் போல நாள்தோறும் கல்லில் ஓடும் வண்டியாக இருந்தால், ஸ்டெப்னியையும் சேர்த்து ஐந்தையும் 5,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை இடம் மாற்றிப் போட வேண்டும்.